பல்லை ப்ளீச் செய்தால் எனாமல் கரையுமா?

குன்னூர் வாசகி, டிசம்பர் 27

பிப்ரவரி 26 தங்கச்சிக்குக் கல்யாணம். பல்லு மஞ்சளா இருக்குன்னு அவளுக்கு ரொம்ப நாளா மனக்குறை. க்ளினிக்ல ப்ளீச்சிங் பண்ணிக்கறேங்கிறா. எங்க அத்தை விட மாட்டேங்கிறாங்க. "எனாமல் கரைஞ்சுபோயி முப்பது வயசுல பல்லு உதிரும்"ங்கிறாங்க. நிஜமா எனாமலுக்கு என்ன ஆகுது? அவளுக்கு 24 வயசு. காலையில வர டீ, அப்புறம் ரெண்டு தடவை பால் டீ. மேல் முன்பல் ஒண்ணுல சின்னதா ஃபில்லிங் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உதகையிலிருந்து பல் மருத்துவர், டிசம்பர் 27, இரவு

கரையாது. அத்தையின் பயத்துக்கும் காரணம் உண்டு, ஆனால் அது ப்ளீச்சிங் சம்பந்தப்பட்டதாக இருக்காது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

எனாமல், அதாவது பல்லின் வெளி ஓடு, எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம். மீதி தண்ணீர், ஒரு சதவீத அளவுக்குப் புரதம். கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். உயிரணு கிடையாது என்பதால் போன எனாமல் வளராது. அத்தை பயப்படுவதில் இந்த ஒரு பகுதி முழு உண்மை.

மஞ்சள் நிறம் பெரும்பாலும் எனாமலில் இல்லை, அதற்கடியில் உள்ள டென்டினில் இருக்கிறது. எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விடுவதால் அடியில் இருக்கும் மஞ்சள் மேலே தெரிகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு மிகச் சின்ன மூலக்கூறு. படிகங்களின் இடுக்கில் நுழைந்து டென்டின் வரை போய், நிறத்துக்குக் காரணமான பெரிய கரிம மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகளுக்கு அந்த நிறம் இருப்பதில்லை. பல்லின் கனம் குறைவதில்லை, சுரண்டப்படுவதும் இல்லை. கனிமத்தைக் கரைப்பது அமிலம்தான். அதனால் ப்ளீச்சிங் ஜெல்லில் பெராக்ஸைடு எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, அந்த ஜெல்லின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) எவ்வளவு என்றும் கேளுங்கள். எனாமலைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் பெரியது.

டிசம்பர் 28

பி.எச். பற்றி. ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால் எனாமல் கனிமத்தை இழக்கத் தொடங்கும். ஃப்ளோரைடு ஏறிய எனாமல் 4.5 வரை தாங்கும். பெராக்ஸைடு கெட்டுப்போகாமல் நாள்பட இருக்க வேண்டுமென்றால் அமிலச் சூழலில்தான் வைக்க வேண்டும். அதனால்தான் நல்ல க்ளினிக் ஜெல்கள் இரண்டு சிரிஞ்சாக வருகின்றன. ஒன்றில் பெராக்ஸைடு, மற்றதில் காரத்தன்மையுள்ள கெட்டிப்படுத்தும் பொருள். பயன்படுத்தும் நேரத்தில் கலக்கும்போது பி.எச். நடுநிலைக்கோ அதற்கு மேலேயோ வந்துவிடும். கலந்த ஜெல்லை மிச்சம் வைத்து மறுநாள் இன்னொருவருக்குப் போடவே கூடாது.

பிடுங்கிய பல்லை வெறும் தண்ணீரில் வைத்து ப்ளீச் செய்து அளந்தால், மேற்பரப்பின் கடினம் குறைந்ததாகவும் நுண்ணோக்கியில் சிறு குழிகள் தெரிவதாகவும் ஆய்வுகள் சொல்லும். இணையத்தில் பயமுறுத்தும் படங்கள் பெரும்பாலும் இந்த வகைச் சோதனையிலிருந்து வருபவை. அதே வேலையை உமிழ்நீர் படும்படி செய்தால் வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடுகிறது, ஏனென்றால் உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கின்றன. இழந்ததை மேற்பரப்பில் திருப்பிக் கொடுக்கும் வேலை நாள் முழுக்க நடக்கிறது. வாய் உலர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மன அழுத்தத்துக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 28, மாலை

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஃபில்லிங் ஒட்டுவதற்காக 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடத்துக்குள் வைத்து எடுப்பார்கள். அதில் சுமார் 10 மைக்ரான் எனாமல் போகும். கழுவி ஊதினால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, பளபளப்பில்லாமல் நிற்கும். வெனீர் என்ற மெல்லிய ஓட்டைப் பல்லின் முன்பக்கம் ஒட்டுவதற்கு 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை, அதாவது 300 முதல் 700 மைக்ரான், அரைத்து எடுப்பார்கள். சரியான பி.எச். உள்ள ப்ளீச்சிங் ஜெல்லில் இப்படிக் கனம் குறைவதே இல்லை. வெள்ளைப் பல்லுக்காக நல்ல பல்லை அரைக்கச் சம்மதிப்பவர்கள் ப்ளீச்சிங்குக்குப் பயப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கூடலூர் வாசகர், டிசம்பர் 29

டாக்டர், க்ளினிக்கே வேண்டாம், எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் தேய்ச்சா போதும்னு வீடியோ போடறாங்களே? எங்க வீட்ல உமிக்கரி வெச்சுத்தான் ரெண்டு தலைமுறையா தேய்க்கிறோம். கட்டன் சாயா குடிச்ச கறைகூட போயிடுது.

உதகை, டிசம்பர் 29

அத்தையின் பயம் இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில். சோடாவைக் கலந்தால் நுரைக்கும். அந்த நுரை அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்க்கும்போது வரும் கரியமில வாயு. வெளுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எது அதிகமாகப் போட்டீர்களோ அது மிஞ்சும். சோடா மிஞ்சினால் பரவாயில்லை, அது மென்மையான பொருள். எலுமிச்சை மிஞ்சினால் எனாமலின் மேல்தோல் இளகும், இளகிய நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்த அடுக்கே போய்விடும். அன்றைக்குக் கறை போனதால் பல் பளிச்சென்று இருக்கும். சில வருடத்தில் எனாமல் மெலிந்து டென்டினின் மஞ்சள் முன்னைவிடக் கூடுதலாகத் தெரியும்.

மலைப்பழங்களுக்கும் இது பொருந்தும். பிளம்ஸ், மரத்தக்காளி, பேஷன் ஃப்ரூட் எல்லாம் புளிப்பு. தாராளமாகச் சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரத்துக்குப் பல் துலக்காதீர்கள்.

உமிக்கரி: நெல் உமியில் சிலிக்கா நிறைய. சொரசொரப்பு எவ்வளவு என்பது எரித்த விதத்தையும் சலித்த விதத்தையும் பொறுத்தது, யாரும் அளந்து விற்பதில்லை. செங்கல் தூளும் மணலும் இன்னும் மோசம். மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் எனாமல் 5, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. பற்பசைகளின் தேய்ப்புத் திறனுக்கு ஆர்.டி.ஏ. என்று ஓர் அளவு உண்டு; உலகத் தரநிலையில் 250தான் உச்ச வரம்பு. உமிக்கரிக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. ஆள்காட்டி விரலால் குறுக்காகத் தேய்க்கும்போது அதிகம் பாதிக்கப்படுவது பல்லின் கழுத்து. கண்ணாடி முன்னால் நின்று ஈறு ஓரமாக நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ஒரு படியில் விழுந்தது போல நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தோடு ப்ளீச்சிங் செய்துகொண்டால் உயிர் போகிற மாதிரி கூசும். முதலில் பள்ளத்தை அடைக்க வேண்டும்.

டிசம்பர் 30

க்ளினிக்கில் செய்யும் முறை. இது தெரிந்தால் எங்கே தப்பு நடக்கும் என்பது புரியும்.

முதலில் எக்ஸ்ரே, சொத்தை, விரிசல், ஓரம் கசியும் ஃபில்லிங் இவற்றைப் பார்ப்பது. பிறகு ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. சில பேருக்கு ஸ்கேலிங்கிலேயே தேநீர்க் கறை போய், ப்ளீச்சிங் தேவைப்படாது. ஸ்கேலிங் முடிந்த அன்றே ப்ளீச்சிங் செய்வது வேண்டாம். ஈறு ஆற ஒரு வாரம் விடுங்கள்.

க்ளினிக் ஜெல் பொதுவாக 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு. 25 முதல் 40 வரை பார்க்கலாம். கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர் மாட்டி, பல்லையும் ஈறையும் உலர்த்தி, ஈறு விளிம்பின் மேல் நீல நிறப் பசைபோன்ற ரெசினை வரிசையாக இழைத்து, லைட் காட்டி இறுக வைப்பார்கள். ஈறைத் தாண்டி அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பல்லின்மேலும் அது ஏறியிருக்க வேண்டும். வைத்து முடித்ததும் சிறு கண்ணாடியைப் பல்லின் வெட்டு முனைப் பக்கம் பிடித்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். ஈறின் இளஞ்சிவப்பு ஒரு கீற்று தெரிந்தாலும் அங்கே ஜெல் கசியும். இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் முக்கோண ஈறில்தான் இது அதிகம் தப்பிப்போகும்.

ஜெல்லை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் பரப்புவார்கள். சில நிமிடத்தில் உள்ளே ஊசிமுனை அளவுக் குமிழிகள் கிளம்பும். அதுதான் ஆக்ஸிஜன். நுனி மழுங்கிய கருவியால் லேசாகக் கிளறிவிட்டால் குமிழி உடைந்து புது ஜெல் பல்லைத் தொடும். ஒரு சுற்று 15 நிமிடம் வீதம் இரண்டு அல்லது மூன்று சுற்று, ஜெல்லின் தயாரிப்பாளர் சொன்னபடி. எடுக்கும்போது முதலில் சக்‌ஷனால் உறிஞ்சி, கடைசியில்தான் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். முதலிலேயே தண்ணீர் அடித்தால் ஜெல் தெறித்து உதட்டிலும் கண்ணிலும் படும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடச் சொல்லுங்கள்.

நீல லைட் பற்றி: லைட்டால் வெளுப்பு கூடி நிலைத்து நிற்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அது சூடு தருகிறது. 1965இல் குரங்குப் பற்களில் செய்த புகழ்பெற்ற ஆய்வில், பல்லின் உள்ளே வெப்பம் 5.5 டிகிரி உயர்ந்தபோது 15 சதவீதப் பற்களின் கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் உட்பகுதி) மீளவில்லை. லைட் இல்லாமல் செய்யச் சொல்லலாம், ஒன்றும் குறையாது.

கொடைக்கானலிலிருந்து பல் லேப் டெக்னீஷியன், டிசம்பர் 31

டாக்டர், வீட்டு ட்ரே (பல் அச்சு எடுத்து செஞ்ச உறை, அதுல ஜெல் வெச்சு வீட்லயே போட்டுக்கறது) பற்றி எழுதவே இல்லையே. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. இவ்வளவு அவகாசம் இருக்கறப்ப 35 சதவீதம் எதுக்கு? ட்ரேக்கு 0.9 மில்லிமீட்டர் மெத்து பிளாஸ்டிக் ஷீட் போதும். ஈறு வளைவை ஒட்டி ஓரம் வெட்டி, தீயில லேசாக் காட்டி மழுக்கணும். முன்னால எல்லாம் பல்லுக்கு முன்பக்கம் ஜெல் தேங்க குழி வைப்போம். அது இல்லாமலும் அதே அளவுக்கு வெளுக்குது, ஜெல்தான் மிச்சம்.

இன்னொண்ணு. மலையில இந்த மாசம் குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். அதுல பல் அளவெடுக்கற ஆல்ஜினேட் பொடியைக் கலந்தா இறுகவே நேரம் எடுக்கும். பொறுமை இல்லாம வாயிலிருந்து எடுத்தா அளவு இழுபட்டுப் போகும், ட்ரே லூசா வரும், ஜெல் ஈறுக்கு ஒழுகும். பச்சைத்தண்ணிய அறைச் சூட்டுக்கு, 20 டிகிரி பக்கமா கொண்டுவந்து கலக்கச் சொல்லுங்க. எடுத்த அளவை ஈரத்துணி சுத்தி உடனே பிளாஸ்டர் ஊத்தணும்.

உதகை, டிசம்பர் 31

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. முந்தைய குறிப்பில் க்ளினிக் முறையை மட்டும் விரிவாக எழுதியது தப்பு. உங்கள் தங்கைக்கு ட்ரேதான் பொருத்தம்.

10 சதவீத கார்பமைடு பெராக்ஸைடு ஜெல்லைத்தான் இரவு ட்ரேயில் வைப்பார்கள். 1989இல் இந்த முறை ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது, அன்றிலிருந்து அதிகம் சோதிக்கப்பட்டது இதுவே. 10 சதவீத கார்பமைடு என்றால் உள்ளே வேலை செய்யும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சுமார் 3.5 சதவீதம்தான். 16 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5.8. 35 சதவீத கார்பமைடு என்றால் 12. சிரிஞ்சில் 35 என்று போட்டிருப்பதைப் பார்த்து அதையும் க்ளினிக் 35ஐயும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள், மூன்று மடங்கு வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் போட்ட விதியில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு வரைதான் அனுமதி, அதுவும் பல் மருத்துவர் வழியாக, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

அளவு: ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கம் ஓர் அரிசி மணி அளவு ஜெல். போட்டதும் விளிம்பில் பிதுங்கி வந்தால் விரல் நுனியால் துடைத்துவிட வேண்டும். தினமும் பிதுங்கினால் அளவு அதிகம். இரண்டு மணி நேரம் கழிந்தும் பாதிக்குமேல் வீரியம் மிச்சமிருக்கும், அதனால் இரவு முழுக்க வைத்தாலும் வீணாகாது. கூசினால் இரண்டு மணி நேரத்தோடு எடுத்துவிடலாம். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம் போதும். டெட்ராசைக்ளின் மாத்திரையால் வந்த சாம்பல் பட்டை என்றால் மாதக் கணக்கில் ஆகும், கல்யாணத் தேதிக்குள் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜனவரி 2

முன்பல் ஃபில்லிங்கை மறந்துவிட்டேன். ஃபில்லிங்கும் கேப்பும் வெளுக்காது. பல் மட்டும் வெளுத்து, அடைத்த இடம் பழைய மஞ்சளில் தனியாகத் தெரியும். வெளுத்த நிறத்துக்கு ஏற்றபடி அதை மாற்றிப் போட வேண்டும். உடனே முடியாது. ப்ளீச்சிங் முடிந்ததும் எனாமலுக்குள் ஆக்ஸிஜன் தங்கியிருக்கும். ஃபில்லிங் ரெசின் இறுகுவதை அது தடுக்கும், பிடிப்பு பலவீனமாகும். இரண்டு வாரம் விட வேண்டும். நிறமும் அதற்குள்தான் நிலைக்கும்.

முடிந்த அன்று தெரியும் வெள்ளையில் ஒரு பங்கு பல் உலர்ந்திருப்பதால் வருவது. ஈரம் ஏறியதும் ஒரு படி இறங்கும். இதைப் பார்த்து "காசு வாங்கி ஏமாத்திட்டாங்க" என்று மறுசுற்றுக்கு ஓடுபவர்கள்தான் அளவுமீறிப் போகிறார்கள். தொடங்கும் முன் ஷேட், அதாவது பல்லின் நிறப் படி, பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். வீட்டா என்ற நிறுவனத்தின் ஷேட் கார்டில் 16 நிற வில்லைகள் இருக்கும். வெளுப்பு வரிசையில் பி1 முதலில், சி4 கடைசியில். ஏ3 ஒன்பதாவது. பகல் வெளிச்சத்தில், உதட்டுச்சாயம் இல்லாமல், பல் ஈரமாக இருக்கும்போது பார்க்க வேண்டும். மேகம் மூடிய நாளில் மலையில் வெளிச்சம் நீலம் தட்டும், வெயில் வரும் நேரமாகப் பாருங்கள்.

நாள் கணக்கு இப்படி வரும்: ஜனவரி 5 ஸ்கேலிங், 12 ட்ரே கையில், 14 முதல் 28 வரை ஜெல், பிப்ரவரி 12 ஃபில்லிங் மாற்றம். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் கையில் இருக்கும்.

குன்னூர் வாசகி, ஜனவரி 3

ரொம்ப நன்றி டாக்டர். அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன், "கூச்சம் வராதா, அதைக் கேளு"ன்னாங்க. இங்க காலையில தண்ணி வாயில வைக்கவே முடியலை.

உதகை, ஜனவரி 3, இரவு

அத்தை கேட்டது சரியான கேள்வி. ப்ளீச்சிங்கில் உண்மையான தொந்தரவு எனாமலில் இல்லை, நரம்பில்தான்.

பெராக்ஸைடு 5 முதல் 15 நிமிடத்துக்குள் பல்லின் கூழ் வரை போய்விடுகிறது. அதனால் வரும் கூச்சம் பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கும். கீழ் முன்பற்கள் சின்னவை, எனாமலும் டென்டினும் மெல்லியவை, அவைதான் முதலில் கூசும். 38 சதவீத ஜெல்லை மொத்தம் 45 நிமிடம் வைத்துப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில், கீழ் முன்பற்களின் கூழில் ஒரு பகுதி திசு செத்திருந்தது. பெரிய முன்கடைவாய்ப் பற்களில் அப்படி ஆகவில்லை. ஒரே ஜெல், ஒரே நேரம், கனம்தான் வேறு. அதனால் கீழ் வரிசைக்குக் குறைந்த நேரம், அல்லது மேல் வரிசையை முடித்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் கீழ் வரிசை.

இப்போது மலைக்குளிர். டென்டினில் நுண்குழாய்கள் உண்டு, அவற்றில் திரவம் இருக்கிறது. குளிர்ந்தால் அது சட்டென்று வெளிப்பக்கம் நகரும், அந்த அசைவைத்தான் நரம்பு வலியாக உணர்கிறது. தலைக்குந்தா பக்கம் புல்லில் உறைபனி நிற்கும் காலையில் வாய்வழியாக மூச்சிழுத்தாலே போதும், பெராக்ஸைடு பட்ட பல் சுரீரென்று எகிறும். எனவே:

பல் துலக்கவும் கொப்பளிக்கவும் வெதுவெதுப்பான தண்ணீர். காலையில் வெளியே போனால் மஃப்ளரால் வாயை மூடிக்கொள்ளட்டும். ஆவி பறக்கும் டீயைக் குடித்த கையோடு குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். இப்போதிருந்தே 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையால் துலக்கட்டும். கூச்சம் வந்த இரவில் ஜெல்லுக்குப் பதிலாக அதே பற்பசையை ட்ரேயில் வைத்து 10 முதல் 30 நிமிடம் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் ஜெல்லை விட்டுவிடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் வெளுப்பு வரும், நாள்தான் கூடும்.

கிராம்புத் தைலமோ நீலகிரித் தைலமோ ஈறில் தடவ வேண்டாம். ப்ளீச்சிங் நடக்கும் ஈறு ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும், தைலம் புண்ணாக்கும். தானாக, இரவில், ஒரே ஒரு பல்லில் துடிக்கும் வலி என்றால் அது சாதாரணக் கூச்சம் இல்லை. ஜெல்லை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கோத்தகிரி வாசகர், ஜனவரி 6

எனக்கு சொந்த ஊர் தர்மபுரி பக்கம், வேலைக்கு இங்க வந்து ஆறு வருஷம். பல்லுல பழுப்பு, வெள்ளைன்னு திட்டுத்திட்டா இருக்கு. ப்ளீச்சிங்ல போகுமா அண்ணா?

உதகை, ஜனவரி 6

எட்டு வயது வரை எந்தத் தண்ணீர் குடித்தீர்களோ அதுதான் இங்கே பேசுகிறது, தம்பி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் வளர்ந்தால், உருவாகும்போதே எனாமலின் மேற்பரப்புக்கு அடியில் நுண்துளைகள் அமைந்துவிடும். பழுப்பு அந்தத் துளைகளில் பிற்பாடு ஏறிய கறை. வெள்ளை, துளைகளே ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது.

பழுப்பு ப்ளீச்சிங்கில் நன்றாகக் குறையும். வெள்ளைத் திட்டு போகாது. சில நாளைக்கு இன்னும் எடுப்பாகக்கூடத் தெரியும், பிறகு சுற்றியுள்ள பல் வெளுக்க வெளுக்க வித்தியாசம் குறையும். மிச்சத்துக்கு மைக்ரோஅப்ரேஷன்: 6.6 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிலிக்கான் கார்பைடு பொடியும் கலந்த பசையால் தேய்ப்பது. இதில் எனாமல் உண்மையிலேயே போகும், தேய்க்கும் அளவைப் பொறுத்து 25 முதல் 200 மைக்ரான் வரை. ஆழமான திட்டு என்றால் அமிலம் வைத்துத் திறந்து, தண்ணீர்போல ஓடும் ரெசினை உள்ளே உறிஞ்ச விடும் முறை உண்டு. வரிசை முக்கியம்: ப்ளீச்சிங் முதலில், இரண்டு வாரம் இடைவெளி, பிறகுதான் ரெசின். மாற்றிச் செய்தால் ரெசின் அடைத்த இடத்துக்குள் பெராக்ஸைடு சரியாகப் போகாது.

ஜனவரி 9

அழகு நிலையத்தில் அரை மணி நேரத்தில் வெளுக்க வைக்கிறார்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பெராக்ஸைடு இல்லாதது, அதனால் பாதுகாப்பு என்று சொல்கிறார்களாம். பெராக்ஸைடு இல்லை என்றால் வேறென்ன இருக்கிறது என்று கேளுங்கள். குளோரின் டைஆக்ஸைடு உள்ள ஜெல்கள் உண்டு. அது வேலை செய்ய அமிலச் சூழல் வேண்டும். பளபளப்பு போய், பல் சொரசொரத்து, முன்னைவிட வேகமாகக் கறை ஏறும். எனாமல் கரையும் என்று அத்தை சொன்னது இந்த ஜெல்லுக்கு அப்படியே பொருந்தும். அங்கே சொத்தையையோ விரிசலையோ பார்க்க எக்ஸ்ரேயும் இருக்காது.

ஜனவரி 15

தேநீர். "இரண்டு நாளைக்கு டீ தொடாதே" என்று எல்லா க்ளினிக்கிலும் சொல்வோம். அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று தோன்றுகிறது. பல்லின் மேல் உமிழ்நீர்ப் புரதம் மெல்லிய படலமாகப் படியும். ப்ளீச்சிங் அதைக் கழுவிவிடுகிறது, ஆனால் சில மணி நேரத்தில் திரும்பவும் படிந்துவிடும். வீட்டு ட்ரே முறையில் தேநீர் குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இறுதி நிறத்தில் பெரிய வித்தியாசம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. க்ளினிக் முறை என்றால் அன்றைய பொழுது மட்டும் விட்டுவிடுங்கள். ட்ரே என்றால் எடுத்துக் கழுவி, ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு டீயே குடிக்காதே என்று சொல்வதைவிடப் பால் சேர்க்கச் சொல்வது நல்லது. பாலிலுள்ள கேசீன் டானினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கறை குறையும். வர டீதான் அதிகம் கறை ஏற்றும். அதைவிட மோசமான கூட்டு ஒன்று உண்டு: குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷும் வர டீயும். ஸ்கேலிங் முடிந்ததும் பலருக்கு இந்த மவுத்வாஷை எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் பல் ஓரமெல்லாம் காப்பிப்பொடி அப்பியது போல் ஆகிவிடும். உங்கள் தங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தால், ஜெல் போடும் நாட்களில் அது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து டானிக் குடிப்பதாக இருந்தால் ஸ்ட்ரா வைத்துக் குடிக்கட்டும்.

குன்னூர் வாசகி, ஜனவரி 19

டாக்டர், அஞ்சாவது நாள். காலையில ட்ரேய எடுத்தா மேல கோரைப்பல்லுக்கு மேல ஈறு வெள்ளை வெளேர்னு இருக்கு, எரியுது. அவ அழுதுட்டா. என்ன செய்ய?

உதகை, ஜனவரி 19, காலை

பயப்படச் சொல்லாதீர்கள். ஜெல் பட்ட ஈறு அப்படித்தான் வெளுக்கும். திசுவுக்குள் ஆக்ஸிஜன் குமிழி தங்குவதுதான் அந்த வெள்ளை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, தேய்க்காமல் பலமுறை கொப்பளிக்கட்டும். இந்த அளவு பட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் பழைய நிறம் வந்துவிடும். இரண்டு நாள் ஜெல் வேண்டாம். காரம், புளி தவிர்க்கட்டும்.

ட்ரேயை ஜெல் இல்லாமல் போட்டுக் கண்ணாடியில் அந்த இடத்தைப் பாருங்கள். ஓரம் ஈறின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாலோ, விரலால் அழுத்தினால் பல்லை விட்டு விலகினாலோ, ட்ரேயில் குறை. நன்றாகப் பொருந்தியிருந்தால் ஜெல் அதிகம்.

குன்னூர் வாசகி, ஜனவரி 19

ஓரம் ஒரு மில்லிமீட்டர் ஈறு மேல ஏறித்தான் இருக்கு. அந்த ஒரு பல்லுல மட்டும்.

கொடைக்கானல், ஜனவரி 19

தங்கச்சி, அதை வீட்ல நீங்களே கத்தரிக்காதீங்க. பிசிறு நின்னா ஈறைக் கிழிக்கும். க்ளினிக்ல கொடுத்தா அஞ்சு நிமிஷ வேலை, வளைவுக் கத்தரியில வெட்டி ஓரத்தை மழுக்கிக் குடுத்துடுவாங்க. ட்ரேய சுடுதண்ணியில மட்டும் கழுவிடாதீங்க, உருவம் போயிடும்.

குன்னூர் வாசகி, ஜனவரி 31

வெட்டிக் குடுத்துட்டாங்க, அப்புறம் எரிச்சலே இல்லை. நடுவுல ரெண்டு நாள் விட்டதால நேத்து ராத்திரியோட முடிஞ்சுது. ஏ3ல ஆரம்பிச்சது ஏ1 பக்கத்துல நிக்குது. கீழ்ப்பல்லு மூணு நாள் கூசிச்சு, இப்ப இல்லை. ரெண்டு சிரிஞ்சு ஜெல் மிச்சம் இருக்கு. ஃபில்லிங்குக்கு 12ஆம் தேதியே போலாமா?

உதகை, ஜனவரி 31

முடிந்தது 30 என்றால் 13க்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அன்றைக்கு ஷேட் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ1இலிருந்து பி2 அல்லது ஏ2 பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதுதான் நிலைத்த நிறம், ஃபில்லிங்கை அதற்குப் பொருத்தினால் போதும். இறங்கிவிட்டதே என்று முந்தைய நாள் ஒரு சிரிஞ்சைக் காலி செய்துவிட்டுப் போனால் மறுபடி இரண்டு வாரம் எண்ண வேண்டியிருக்கும்.

மிச்ச ஜெல்லை மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். சிரிஞ்சின்மேல் காலாவதித் தேதி இருக்கும். ஒரு வருடம் கழித்து நிறம் இறங்கினால் அதே ட்ரேயில் இரண்டு மூன்று இரவு போதும். அதுவரை ஃப்ளோரைடு பற்பசை, மென்மையான பிரஷ். அத்தை என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

குன்னூர் வாசகி, பிப்ரவரி 14

நேத்து ஃபில்லிங் மாத்தியாச்சு, எது பல்லு எது ஃபில்லிங்னே தெரியலை. ஏ2ல நின்னுச்சு. அத்தை அவங்க பல்லுல ஈறு ஓரம் நகம் வெச்சுப் பார்த்தாங்க. நாலு பல்லுல தட்டுதாம். உமிக்கரி டப்பாவைத் தூக்கி அடுப்படிப் பரண்ல வெச்சுட்டாங்க. திங்கக்கிழமை பள்ளத்தை அடைக்க அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்.